கேம் மாஸ்டர் ஆகணுமா? சங்கரதாஸ் சுவாமிகளைத் தெரிஞ்சுக்கோங்க!

2019-ல் நடிகர் சங்கத் தேர்தல் நடந்தபோது டிவியில் ரெண்டு பேர் ஓடிக்கிட்டே இருந்தது. ஒண்ணு பாண்டவர் அணி. இன்னொண்ணு சுவாமி சங்கரதாஸ் அணி. பாண்டவர்கள் யாருன்னு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சங்கரதாஸ் யாரு? நம்ம வயசுக்காரங்க பாதிப் பேர் கூகுள் பண்ணித்தான் பார்த்திருப்போம். தமிழ் நாடகத்தின் தலைமையாசிரியர்னு ஒரு வரி வரும். அதோட டேபை மூடிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போயிருப்போம்.

அந்த ஒரு வரிக்குப் பின்னால் இருக்கிற வாழ்க்கையை, கொஞ்சம் வேற கோணத்தில் பார்க்கலாம்னுதான் இந்தக் கட்டுரை. கேம் மாஸ்டர் கோணம்.

'ஸ்ட்ரேஞ்சர் திங்ஸ்' பார்த்தவர்களுக்கு முதல் எபிசோடு ஞாபகம் இருக்கும். நாலு பசங்க ஒரு மேஜையைச் சுற்றி உட்கார்ந்து, பகடையை உருட்டிக்கிட்டு, இல்லாத ராட்சசனைப் பார்த்து அலறுவாங்க. அவங்க ஆடுறது 'டன்ஜியன்ஸ் அண்ட் டிராகன்ஸ்'. கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் என்ற ரெண்டு அமெரிக்கர்கள் சேர்ந்து உருவாக்கி 1974-ல் வெளியான ஆட்டம். ஆளுக்கு ஒரு கேரக்டர். ஒருத்தர் மட்டும் எந்த நாயகனும் கிடையாது. அவர்தான் கேம் மாஸ்டர். காடு எப்படி இருக்கு, கதவுக்குப் பின்னால் என்ன நிக்குது, வழியில் வர்ற கிழவி என்ன பேசுவா, ராஜா கோபப்பட்டா என்ன ஆகும், எல்லாமே அவர் பொறுப்பு. கதையை அவர் ஆரம்பிக்கலாம். எப்படி முடியும்னு அவருக்கே தெரியாது. ஏன்னா எதிரில் உட்கார்ந்திருக்கிற நாலு பேரும் சொன்ன பேச்சைக் கேட்கிற ஜாதி இல்லை.

புதுசா இதை நடத்த ஆரம்பிக்கிற எல்லாருக்கும் ஒரே மாதிரி சந்தேகங்கள்தான். எவ்வளவு தயார் பண்ணிட்டுப் போகணும்? ஒருத்தனே பேசிக்கிட்டு இருந்தா என்ன செய்யுறது? நான் எழுதின கதையை விட்டுட்டு பசங்க வேற பக்கம் ஓடினா? பயமுறுத்தலாமா, எவ்வளவு? யூடியூப்ல இதுக்கு ஆயிரம் வீடியோ இருக்கு. ஆனா இதே கேள்விகளோட நூறு வருஷத்துக்கு முன்னாடி, பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில், டிக்கெட் வாங்கி வந்த கூட்டத்துக்கு முன்னால் மல்லுக்கட்டின ஒரு மனுஷன் நம்ம ஊரில் இருந்தார்.

உப்புக் கணக்கிலிருந்து மேடைக்கு

1867 செப்டம்பர் 7. தூத்துக்குடிக்குப் பக்கத்தில் காட்டுநாயக்கன்பட்டி. பெற்றோர் வைத்த பெயர் சங்கரன். அப்பா தாமோதரம், ராமாயணப் புலமைக்காக ஊரில் பெயர் பெற்றவர். பையனுக்கு முதல் வாத்தியார் அவர்தான். பிறகு பழநி தண்டபாணி சுவாமிகளிடம் யாப்பு படிக்க அனுப்பப்பட்டார். அங்கே கூடப் படித்தவர் உடுமலை சரபம் முத்துசாமிக் கவிராயர். ரெண்டு பேருமே பின்னால் நாடகப் பாட்டு எழுதிப் பெயர் வாங்கினார்கள்.

பதினாறு வயதிலேயே வெண்பா, கீர்த்தனைன்னு எழுத ஆரம்பித்துவிட்டார். ஆனா பாட்டு எழுதினா சோறு கிடைக்குமா? கொஞ்ச காலம் தூத்துக்குடியில் உப்புப் பண்டகசாலையில் கணக்கு எழுதினார். இந்த விஷயத்தை வரலாறு எழுதுறவங்க ஒரு வரியில் தாண்டிப் போயிடுவாங்க. எனக்கு என்னவோ இது முக்கியமாகத் தோணுது. பகலெல்லாம் மூட்டைக் கணக்கு, மனசெல்லாம் சந்தம். ஐடி கம்பெனியில் எக்செல் ஷீட் நிரப்பிக்கிட்டே வார இறுதி கேமுக்கு மேப் வரையுற யாருக்கும் இந்த நிலைமை புரியும்.

1891-ல், இருபத்துநாலு வயதில் நாடகத்துக்குள் வந்தார். அதே வருஷம்தான் சென்னையில் பம்மல் சம்பந்த முதலியார் சுகுண விலாச சபாவை ஆரம்பித்தார். படித்தவர்கள், வக்கீல்கள் சேர்ந்து நடத்திய அமெச்சூர் சபா அது. சங்கரதாஸ் போனதோ அதுக்கு நேர் எதிர் பக்கம். ஊர் ஊராகக் கொட்டகை போட்டு, வசூல் வந்தாதான் அடுத்த வேளைச் சாப்பாடுன்னு வாழ்ந்த தொழில்முறைக் கம்பெனிகள். அப்போ நாடகக்காரன் என்றால் வீடு வாடகைக்குக் கிடைக்காது, பெண் கிடைக்காது. யாப்பு படித்த ஒரு புலவர் தெரிந்தே போய் அந்தக் கூட்டத்தில் சேர்ந்தார்.

சூத்திரதாரி என்கிற வேலை

ராமுடு ஐயர், கல்யாணராமையர் கம்பெனியில் அவருக்குக் கிடைத்த வேஷங்கள் எல்லாம் ஒரே ரகம். இரணியன், ராவணன், எமன், சனீஸ்வரன். ஆள் வாட்டசாட்டம், குரலும் கனம். வில்லன் வேஷத்துக்கு அளவெடுத்துச் செய்த உடம்பு. அடுத்து சாமி நாயுடு கம்பெனிக்குப் போனார். அங்கே நடிகராக மட்டும் இல்லை, ஆசிரியராகவும் சூத்திரதாரியாகவும் இருந்தார்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். சூத்திரதாரி என்றால் கயிற்றைப் பிடித்திருப்பவர். நாடகத்தின் தொடக்கத்தில் வந்து கதையை எடுத்து வைப்பது, யார் வருகிறார்கள் என்று சொல்வது, கூட்டத்தை அடக்குவது, நடுவில் தொய்வு விழுந்தால் தூக்கிவிடுவது எல்லாம் அவர் வேலை. ஏனாத்தூர், உத்திரமேரூர் பக்கத்து ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். திரௌபதி அம்மன் கோயில் பாரதத் திருவிழாவில் விடிய விடியக் கூத்து பார்த்தவர்களுக்குக் கட்டியக்காரனைத் தெரியும். திரைக்குப் பின்னால் துரியோதனன் கால் சலங்கையை உதறிக்கிட்டு நிற்கும்போது, முன்னால் வந்து, யாருப்பா நீ, எந்த ஊரு ராஜான்னு வம்புக்கு இழுப்பானே, அவன்தான். அடுத்த நிமிஷம் அவனே காவலாளி, அவனே தூதன், தேவைப்பட்டா அவனே கிழவி. கதையை ஜனங்களுக்குப் புரியும் பாஷையில் இறக்கி வைக்கிறதும் அவன்தான். கேம் மாஸ்டருக்கு இதைவிடச் சரியான தமிழ்ப் பெயர் இருக்கான்னு யோசிச்சுப் பார்க்கிறேன், கிடைக்கலை.

கட்டியக்காரனை உத்துப் பார்த்தா ஒண்ணு புரியும். ராஜாவை என்னதான் கிண்டல் பண்ணினாலும், ராஜா ஆடுற நேரத்தில் ஒதுங்கி நிற்பான். ஆட்டம் அவனுது இல்லை. புது கேம் மாஸ்டர்கள் அதிகம் சறுக்குற இடம் இது. தான் உருவாக்கின மந்திரவாதியைத் தானே ரசித்து, அவனுக்கு இருபது நிமிஷம் வசனம் கொடுத்து, ஆடவந்த நாலு பேரையும் வேடிக்கை பார்க்க வைத்துவிடுவார்கள்.

எமன் வேஷத்தை விட்ட கதை

அவர் வாழ்க்கையில் நாடக உலகம் வழிவழியாகச் சொல்லிவருகிற ரெண்டு சம்பவங்கள் உண்டு. அவருடைய சீடர் டி.கே.சண்முகமும் தன் 'எனது நாடக வாழ்க்கை' புத்தகம் மூலம் இவற்றை அடுத்த தலைமுறைக்குக் கொண்டுவந்தார்.

முதலாவது, நளதமயந்தி. பகடையில் நாட்டைத் தோற்ற நளன் கதை. அந்தப் பகடைக்குப் பின்னால் நிற்கிற சனீஸ்வரன் வேஷம் சங்கரதாஸுக்கு. உடம்பெல்லாம் கறுப்பு, பார்க்கவே குலை நடுங்கும் ஒப்பனை. விடியக்காலம் நாடகம் முடிந்ததும், வேஷத்தைக் கழுவ நீர்நிலைக்குப் போகிறார். அரைகுறை இருட்டில் அங்கே வேலையாக இருந்த ஒரு பெண் அந்த உருவத்தைப் பார்த்து, பயத்தில் விழுந்து, அங்கேயே இறந்துபோனார்.

ரெண்டாவது, சத்தியவான் சாவித்திரி. எமனாக மேடையில் பாய்ந்து, கர்ஜித்து, பாசக்கயிற்றை வீசுகிறார். கூட்டத்தில் உட்கார்ந்திருந்த ஒரு கர்ப்பிணிக்கு அந்த அதிர்ச்சியில் கரு கலைந்துபோனது.

இன்றைக்கு ஒரு நடிகருக்கு இப்படி நடந்தால் அதையே போஸ்டரில் போட்டு விளம்பரம் பண்ணுவார்கள். சங்கரதாஸ் அப்படி எடுத்துக்கொள்ளவில்லை. தன் திறமை ரெண்டு உயிர்களைத் தொட்டுவிட்டது என்பதைத் தாங்கிக்கொள்ள முடியாமல், வேஷம் கட்டுவதையே விட்டுவிட்டார். அதுக்குப் பிறகு எழுதுவதும் சொல்லிக்கொடுப்பதும்தான் அவருக்கு மேடை.

டேபிள்டாப் ஆட்டங்களில் இப்போ 'செஷன் ஜீரோ' என்று ஒரு வழக்கம் வந்திருக்கு. கதை ஆரம்பிக்கிறதுக்கு முன்னாடியே எல்லாரும் உட்கார்ந்து, எதெல்லாம் வேண்டாம்னு பேசி முடிவு பண்ணிக்கிறது. ஒருத்தருக்குச் சிலந்தி ஆகாது, ஒருத்தருக்குக் குழந்தைகள் சாகிற கதை ஆகாது. நடுவில் தாங்க முடியலைன்னா மேஜையில் இருக்கிற ஒரு அட்டையைத் தொட்டா போதும், அந்தக் காட்சியை அப்படியே விட்டுட்டு மேலே போயிடணும். இதெல்லாம் ஓவர், விளையாட்டுதானேன்னு சலிச்சுக்கிறவங்களும் இருக்காங்க. அவங்ககிட்ட இந்த எமன் கதையைச் சொல்லுங்க. சொல்ற கதை கேட்கிறவங்க உடம்புக்குள்ளே போகும். நல்லாச் சொன்னா இன்னும் ஆழமாப் போகும். யார் எந்த நிலைமையில் வந்து எதிரே உட்கார்ந்திருக்காங்கன்னு சொல்றவருக்குத் தெரியாது. சங்கரதாஸுக்கு முன்கூட்டியே கேட்க வழி இல்லை. நமக்கு இருக்கு.

காவித்துணியும் கஞ்சிராவும்

சாமி நாயுடு கம்பெனியில் இருந்த காலத்திலேயே ஒரு கட்டத்தில் மனம் வெறுத்து, எல்லாத்தையும் விட்டுட்டு தல யாத்திரை கிளம்பிவிட்டார். கோயில் கோயிலாக அலைந்தார். கல்யாணம் கடைசிவரை செய்துகொள்ளவில்லை. சங்கரதாஸ் என்கிற பெயருக்குப் பின்னால் 'சுவாமிகள்' வந்து ஒட்டிக்கொண்டது இந்தத் துறவுக் காலத்தில்தான்.

அலைச்சலுக்கு முற்றுப்புள்ளி வைத்தவர் புதுக்கோட்டை மான்பூண்டியா பிள்ளை. கர்நாடக சங்கீதக் கச்சேரியில் கஞ்சிராவுக்கு இடம் வாங்கிக்கொடுத்த மேதை. அவர் சங்கரதாஸைத் தன் பிள்ளையாகவே ஏற்று வீட்டில் வைத்துக்கொண்டார். யாப்பு தெரிந்த புலவருக்கு லயம் சொல்லிக்கொடுத்தார். சுவாமிகளின் பாட்டில் இன்றைக்கும் ஆர்மோனியக்காரரும் மிருதங்கக்காரரும் சந்தோஷமாக விளையாடுகிறார்கள் என்றால், புதுக்கோட்டையில் போட்ட அஸ்திவாரம் அது. நண்பர்கள் திரும்பத் திரும்பக் கேட்டதில் மறுபடி நாடகத்துக்கு வந்தார். வேலு நாயரின் சண்முகானந்த சபாவில் ஆசிரியராகச் சேர்ந்தார்.

இனிமேல்தான் எழுத்து வெள்ளமாக வருகிறது. வள்ளி திருமணம், கோவலன் சரித்திரம், பவளக்கொடி, சத்தியவான் சாவித்திரி, அல்லி அர்ச்சுனா, நல்லதங்காள், பிரகலாதன், சதாரம், லவகுசா... மொத்தம் அறுபத்துக்கும் மேலே என்று கணக்குச் சொல்வார்கள். அச்சில் தப்பிப் பிழைத்தது அதில் ஒரு பங்குதான்.

இந்தக் கதைகள் எதுவும் அவர் கண்டுபிடித்தது இல்லை. ஜனங்களுக்கு ஏற்கெனவே தெரிந்தவை. கூத்தில், அம்மானையில், பாட்டி சொன்ன கதையில் கேட்டவை. வள்ளியை முருகன் கட்டிக்குவார்னு தெரிஞ்சுதான் டிக்கெட் வாங்கிட்டு வந்து உட்காருவார்கள். அப்போ எதைப் பார்க்க வர்றாங்க? நாரதர் வள்ளியிடம் எப்படி வாயைக் கொடுத்து மாட்டிக்கொள்கிறார், வேடனாக வந்த முருகனை வள்ளி எப்படி மடக்குகிறாள் என்பதைப் பார்க்க. தர்க்கம்தான் விருந்து. தமிழ் நாடகத்தில் ஆணும் பெண்ணும் சரிக்குச் சரி நின்று வாதம் பண்ணுகிற அந்தக் காட்சிகளுக்கு அவர் போட்டுக்கொடுத்த பாதை பெரிசு. பாட்டு, விருத்தம், நடுநடுவே வசனம், வாதத்துக்குத் தோதாகத் திருக்குறள்.

குறை சொல்லணும்னா, சொல்லலாம். பாட்டு ரொம்ப அதிகம். விடிகிறவரைக்கும் ஓடும். நீதி சொல்கிற இடங்களில் கதை படுத்துக்கொள்ளும். இப்போது உட்கார்ந்து புத்தகமாகப் படித்தால் பல பக்கங்களைத் தள்ளிக்கொண்டுதான் போக வேண்டியிருக்கு. ஆனா படிக்க எழுதினது இல்லையே அது. கேம் ரூல் புக்கை நாவல் மாதிரி முதல் பக்கத்திலிருந்து படிச்சா எப்படி இருக்கும், அந்த மாதிரி.

அடங்காத ஆட்டக்காரர்கள்

சுவாமிகளுக்கு வந்த பெரிய தலைவலி எழுத்தில் இல்லை, நடிகர்களில். நட்சத்திர நடிகர்கள் மேடையேறியதும் பாடத்தை மறந்துவிடுவார்கள். எதிரில் நிற்பவனை மட்டம் தட்டினால் கைதட்டல் கிடைக்கும் என்று தெரிந்ததும், வாதம் கதையை விட்டு எங்கேயோ போகும். அர்ச்சுனன் அர்ச்சுனனாக இல்லாமல், போன வாரம் வேறொரு ஊரில் நடந்த சண்டையின் பாக்கியை இங்கே தீர்த்துக்கொள்வான். குடித்துவிட்டு வருவது, நேரத்துக்கு வராமல் போவது, கடைசி நிமிஷத்தில் சம்பளத்தை ஏற்றிக் கேட்பது தனிக்கதை.

இதைப் படிக்கும்போது ஏதாவது ஒரு கேம் குரூப்பின் வாட்ஸ்அப் சாட் ஞாபகம் வந்தால் நான் பொறுப்பில்லை.

சுவாமிகள் எடுத்த முடிவு கறாரானது. பெரியவர்களே வேண்டாம். பையன்களை வைத்து நாடகம். 1910-ல் சமரச சன்மார்க்க நாடக சபா தொடங்கினார். கிட்டப்பா சகோதரர்களும் அங்கே பயின்றார்கள். எஸ்.ஜி.கிட்டப்பாவின் குரல் பிற்காலத்தில் தமிழ்நாட்டையே கட்டிப்போட்டது தெரிந்த கதை. அடுத்து, 1918-ல் மதுரையில் தத்துவ மீனலோசனி வித்துவ பால சபா. பெண் வேஷத்தில் பெயர் பெற்ற கண்ணுசாமிப் பிள்ளை தன் மகன்களுடன் அங்கே சேர்ந்தார். அந்த மகன்கள்தான் டி.கே.எஸ். சகோதரர்கள். சண்முகத்துக்கு அப்போ ஆறு வயது.

பாய்ஸ் கம்பெனியில் எல்லாம் குருகுலம் மாதிரி. காலையில் பாடம், பாட்டு, ராத்திரி நாடகம். சுவாமிகள் சொல்லிக்கொடுத்ததை எழுத்து பிசகாமல் ஒப்பிக்க வேண்டும். எந்த அடியில் மூச்சு விடுவது என்பது வரைக்கும் தீர்மானிக்கப்பட்டிருக்கும். சொந்தச் சரக்குக்கு இடமில்லை.

கேம் மாஸ்டர்கள் பாஷையில் இதற்கு 'ரெயில்ரோடிங்' என்று பெயர். தண்டவாளம் போட்டு ஆட்டக்காரர்களை அதன் மேல் ஓட்டுவது. இந்த வார்த்தையைத் திட்டாகத்தான் பயன்படுத்துவார்கள். ஆனா சுவாமிகளை அப்படி ஒரு வார்த்தையில் ஒதுக்க எனக்கு மனசு வரலை. கட்டுப்பாடே இல்லாத மேடையைப் பார்த்து நொந்தவர், தரத்தைக் காப்பாத்த அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் போனார். தமிழ் உச்சரிப்பு, பாட்டு, மேடை ஒழுக்கம் மூணும் ஒரு தலைமுறைக்கே அங்கிருந்து கிடைத்தது. அவருக்குப் பின்னால் பாய்ஸ் கம்பெனிகள் பெருகின. எம்.ஜி.ஆரும் சிவாஜியும் அந்த மாதிரிக் கம்பெனிகளில் வளர்ந்து வந்த பையன்கள்தான்.

இன்னொரு பக்கமும் இருக்கு. ஆறு, ஏழு வயசுப் பிள்ளைகள் வீட்டை விட்டு வந்து, ராத்திரி கண்விழித்து உழைத்தார்கள். பள்ளிக்கூடம் கிடையாது. வறுமையில் பெற்றவர்களே கொண்டுவந்து விட்டார்கள். அந்தக் காலம் அப்படி என்று சொல்லிவிடலாம்தான். கட்டுப்படாத பெரியவர்களுக்குப் பதிலாக, மறுத்துப் பேச முடியாத குழந்தைகளைத் தேர்ந்தெடுத்தது ஒரு தீர்வா என்கிற கேள்வி அதனால் போய்விடுவதில்லை. எதிர்த்துப் பேசுகிற நாலு பேரோடு கதை சொல்வது கஷ்டம். எதிர்த்தே பேசாதவர்களோடு சொல்வது வேறு விஷயம்.

ஒரு ராத்திரி, ஒரு நாடகம்

அப்படிப்பட்ட கறார் வாத்தியார் எப்படித் தயார் பண்ணினார் என்பதற்கு ஒரு ராத்திரி சாட்சி. சின்னப் பையன் சண்முகத்தின் திறமையைப் பார்த்துவிட்டு, அவனை நாயகனாக வைத்து ஒரு நாடகம் வேண்டும் என்ற பேச்சு கம்பெனியில் வந்தது. சுவாமிகள் ராத்திரி சாப்பாடு முடித்து, விளக்கைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். விடிவதற்குள் 'அபிமன்யு சுந்தரி' தயார். நாலு மணி நேரம் ஓடக்கூடிய நாடகம், பாட்டும் வசனமும் சேர்த்து.

இதைக் கேட்டுட்டு, ஆஹா, கடைசி ராத்திரி தயார் பண்ணினா போதும்னு கிளம்பிடாதீங்க. அந்த ஒரு ராத்திரிக்குப் பின்னால் முப்பது வருஷம் இருக்கு. அபிமன்யு கதை அவருக்கு அத்துப்படி. மெட்டுகள் கைவசம். எந்த இடத்தில் விருத்தம் வைத்தால் கூட்டம் நிமிர்ந்து உட்காரும் என்பது உடம்பிலேயே ஊறியிருந்தது. அதைவிட முக்கியம், யாருக்காக எழுதுகிறோம் என்பது தெரியும். சண்முகத்தின் குரல் எவ்வளவு ஏறும், மூச்சு எவ்வளவு தாங்கும், எந்த வார்த்தையில் அந்த வயசுப் பிள்ளைக்கு நாக்கு தடுக்கும், எல்லாம் தெரிந்து எழுதினார்.

ஆட்டத்துக்குத் தயாராகும் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். ஆயிரம் வருஷ ராஜவம்ச வரலாறு, மூணு மொழிகளுக்கு இலக்கணம், ஏழு கடல் மேப் எல்லாம் ரெடி. எதிரில் உட்காரப்போகிற தோழிக்குப் புதிர் பிடிக்குமா, சண்டை பிடிக்குமா, இல்லை சத்திரத்துக்காரனிடம் வாயாடத்தான் பிடிக்குமா என்று கேட்டிருக்க மாட்டார்கள். வாயாடத்தான் பிடிக்கும்னா, தயார் பண்ண வேண்டியது சத்திரத்துக்காரனை. அவனுக்கு ஒரு கடன், ஒரு ரகசியம், பேசுறதில் ஒரு தினுசு. மிச்சத்தை அவங்களே இழுத்துட்டுப் போவாங்க.

குரல் போன பிறகு

1921-ல் சுவாமிகளைப் பக்கவாதம் தாக்கியது. கையும் காலும் விழுந்தன. பேச்சும் போனது. இரணியனாகக் கர்ஜித்த குரல், நூறு பையன்களுக்குப் பாடம் சொன்ன நாக்கு. எழுதவும் முடியாது, சொல்லவும் முடியாது.

கம்பெனி அவரைக் கைவிடவில்லை. அவரும் கம்பெனியை விடவில்லை. நாடகம் மட்டும் நடந்துகொண்டே இருந்தது. பையன்களுக்குப் பாடம் நெட்டுரு. வாத்தியார் வாய்திறக்க முடியாத நிலையிலும், ராத்திரியானால் கொட்டகையில் அவர் சொற்கள் அவருக்கே கேட்டன. கேட்டுக்கொண்டு மட்டும்தான் இருக்க முடிந்தது.

1922 நவம்பர் 13-ம் தேதி புதுச்சேரியில் இறந்தார். ஐம்பத்தைந்து வயது. சொத்து, குடும்பம் எதுவும் கிடையாது. கருவடிக்குப்பத்தில் அடக்கம். அந்தச் சமாதி இப்போதும் இருக்கு. நினைவு நாளில் நாடகக் கலைஞர்கள் அங்கே வருகிறார்கள்.

மூணு வருஷம் கழித்து, 1925-ல் டி.கே.எஸ். சகோதரர்கள் சொந்தக் கம்பெனி தொடங்கினார்கள். கலைவாணர் என்.எஸ்.கிருஷ்ணன் அங்கே வளர்ந்தார். சண்முகம் ஔவையார் வேஷம் கட்டி 'அவ்வை சண்முகம்' ஆனார். அவரிடம் சிறுவனாக நாடகம் பயின்றவர் கமல்ஹாசன். 1996-ல் வந்த 'அவ்வை சண்முகி' படத்தின் பெயர் எங்கிருந்து வந்தது என்று இப்போது புரிந்திருக்கும்.

தண்டவாளம் இல்லாத ரயில்

ஆனா இந்தக் கதையில் எனக்கு ரொம்பப் பிடிச்ச திருப்பம் அவர் போன பிறகுதான் நடக்குது. எழுத்து பிசகக் கூடாது என்று பிள்ளைகளை உட்காரவைத்து நெட்டுருப் போட வைத்தாரே, அதே நாடகங்கள்தான் இன்றைக்குத் தமிழ்நாட்டிலேயே அதிகமாக இட்டுக்கட்டி ஆடப்படும் நாடகங்கள். பெயர் ஸ்பெஷல் நாடகம். மதுரை, புதுக்கோட்டை, திண்டுக்கல், கரூர் வட்டாரங்களில் கோயில் திருவிழா என்றால் இன்றும் ராத்திரி பத்து மணிக்கு மேடை ஏறும்.

இதில் கம்பெனி கிடையாது. ஒவ்வொரு நடிகரும் தனித்தனியாக புக் செய்யப்படுகிறார். ராஜபார்ட் ஒரு ஊரிலிருந்து வருவார், ஸ்திரீபார்ட் இன்னொரு ஊரிலிருந்து, பபூன் வேறொரு ஊரிலிருந்து. அவர்கள் இதுக்கு முன்னாடி ஒண்ணாக நடித்திருக்கலாம், நடிக்காமலும் இருக்கலாம். ரிகர்சல் என்ற பேச்சே இல்லை. எல்லாருக்கும் பொதுவாக இருப்பது ஒண்ணே ஒண்ணு, சுவாமிகள் எழுதிய பாடம். எந்தக் காட்சிக்குப் பிறகு எது, எங்கே எந்தப் பாட்டு, யார் கேட்டால் யார் பதில் சொல்ல வேண்டும் என்பது எல்லாருக்கும் தெரியும். அந்தச் சட்டத்துக்குள் தர்க்கம் எங்கே வேண்டுமானாலும் போகலாம். நாரதர் அன்றைய செய்தித்தாளிலிருந்து கேள்வி கேட்கலாம். வள்ளி அதைச் சினிமாப் பாட்டால் அடிக்கலாம். அர்த்தராத்திரியில் கூட்டம் தூங்கி வழிகிறது என்று தெரிந்தால் பபூன் வந்து எழுப்புவார். விடிவதற்குள் முருகனுக்கும் வள்ளிக்கும் கல்யாணம் நடந்தாக வேண்டும், அவ்வளவுதான்.

டேபிள்டாப் ஆட்டத்தை இதைவிட நல்லா விளக்க முடியுமான்னு தெரியலை. முன்பின் தெரியாத அஞ்சு பேர் ஒரு கன்வென்ஷனில் உட்கார்ந்து சட்டுனு ஆட முடிகிறதே, அதுக்குக் காரணம் எல்லாருக்கும் ஒரே ரூல் புக். வலுவான சட்டம் இருந்தால்தான் துணிந்து இட்டுக்கட்ட முடியும்.

யார் அங்கே கேம் மாஸ்டர்? நான் பார்த்தவரைக்கும், பட்டம் ஒருத்தரிடமே இருப்பதில்லை. சில நேரம் பபூன். பல நேரம் மேடை ஓரத்தில் உட்கார்ந்திருக்கும் ஆர்மோனியக்காரர். வாதம் முத்தி ராஜபார்ட் திணறினா, சட்டுனு ஒரு மெட்டை எடுத்துக்கொடுப்பார். அது பாட்டுக்கான நேரம், அடுத்த காட்சிக்குப் போங்கப்பா என்று அர்த்தம். ஒருத்தரே நீட்டிக்கொண்டு போனால் சுருதியை நிறுத்திவிட்டு வெற்றிலையை எடுப்பார். புரிய வேண்டியவருக்குப் புரிந்துவிடும். ஒரு வார்த்தை பேச மாட்டார்.

உங்க மேஜையிலும் ஒருத்தர் ரொம்ப நேரமா பேசிக்கிட்டே இருந்தா, சண்டை போடாதீங்க. பேசாம இருக்கிற ஆள் பக்கம் திரும்பி, இதையெல்லாம் உன் கேரக்டர் எங்கே நின்னு பார்த்துக்கிட்டு இருக்குன்னு கேளுங்க. ஆர்மோனியக்காரர் மெட்டு எடுத்துக்கொடுப்பதும் இதுவும் ஒண்ணுதான்.

ராத்திரி நாடகம் பார்க்க நேரம் கிடைத்தால், கொஞ்சம் சீக்கிரம் போய் மேடைக்குப் பின்னால் எட்டிப் பாருங்க. பாயில் கண்ணாடியைச் சாய்த்து வைத்து அரிதாரம் பூசிக்கொண்டிருப்பார்கள். சுவரிலோ பெட்டி மேலோ சுவாமிகள் படம் இருக்கும், பூ வைத்து. அன்றைக்குத்தான் முதல்முறை சந்திக்கிற ராஜபார்ட்டும் ஸ்திரீபார்ட்டும் அந்தப் படத்தைக் கும்பிட்டுவிட்டு உட்கார்வார்கள். கதை என்ன, நீ என்ன பேசுவே, நான் என்ன பேசுவேன்னு எதுவும் கேட்டுக்கொள்ள மாட்டார்கள். ஆர்மோனியக்காரர் மட்டும் வந்து, எத்தனை கட்டையில் பாடுவீங்கன்னு ஒவ்வொருத்தரிடமும் கேட்டுவிட்டுப் போவார்.